ஆயிரம் யென் சாகேயை எடைபோடுவது எப்படி

ஜப்பானின் கோபே நகரின் கிழக்கு ஓரத்தில், உவோசாகி என்ற இடத்தில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். ஹன்ஷின் ரயில் பாதையிலிருந்து கடலை நோக்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் சாகே ஆலைகளின் நீண்ட சுவர்கள் வந்துவிடும். அரிசியைப் புளிக்கவைத்து எடுக்கும் ஜப்பானிய மதுதான் சாகே. இந்தக் கடற்கரைப் பட்டைக்கு நாதா என்று பெயர். ஐந்து ஊர்களாகப் பிரித்துச் சொல்வார்கள். அதில் உவோசாகி ஒன்று. நான் வந்த முதல் வருஷம், ஒரு ஜனவரி காலையில் வேலைக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது அரிசி அவியும் ஆவி தெருவில் எதிரே வந்தது. என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நெல் அரவை மில்லில் வேலை பார்த்தவர். நெல் அவியும் வாசத்திலேயே வளர்ந்த மூக்கு என்னுடையது. சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றேன். சாகே பக்கம் என்னை இழுத்தது அந்த வாசம்தான்.

இங்கே நான் சொல்லப்போவது அரிசியை நிறையத் தீட்டி, பழ மணம் வரும்படி வடிக்கும் விலை உயர்ந்த கின்ஜோ, தைகின்ஜோ வகைகளைப் பற்றி இல்லை. சூப்பர்மார்க்கெட்டின் கீழ்த்தட்டில், காகிதப் பெட்டியில் 1.8 லிட்டர், 2 லிட்டர், 3 லிட்டர் என்று அடுக்கியிருக்கும் சாகேயைப் பற்றி. ஆயிரம் யென்னிலோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ கிடைப்பது. ஜப்பானில் இதை ஃபுட்சூஷு என்பார்கள். சாதாரண சாகே என்று பொருள். நாட்டில் விற்கும் சாகேயில் பாதிக்கு மேல் இன்னும் இந்த வகைதான். ஆனால் சாகே பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதைத் தொடுவதே இல்லை. தொட்டாலும் கின்ஜோவுக்கு வைக்கும் அளவுகோலை இதற்கும் வைத்துப் பார்த்துவிட்டு, மணமில்லை, ஆழமில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இந்தச் சாகேக்கென்று ஒரு வேலை இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில், சூடாகவோ அறைச் சூட்டிலோ, இரண்டு மூன்று சிறு கோப்பை வரைக்கும் சலிக்காமல் இருக்க வேண்டும். அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். தன்பா மலைப்பகுதியைச் சேர்ந்தவர். அந்தப் பக்கத்து விவசாயிகள் நடவு, அறுவடை முடிந்ததும் குளிர்காலத்தில் நாதாவுக்கு இறங்கி வந்து ஆலைகளில் சாகே வடிப்பார்கள். அவரும் இளவயதில் அப்படி வந்தவர்தான். அவர் வீட்டில் எப்போதும் இருப்பது ஒரு காகிதப் பெட்டிச் சாகேதான். “நல்ல சாகேயா என்று முதல் வாயில் தெரியாது, மூன்றாவது கோப்பையில்தான் தெரியும்” என்பார். கீழே வரும் முறையில் பாதி அவருடையது, பாதி நான் வைத்திருக்கும் நோட்டிலிருந்து.

பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்

முதலில், அது சாகேதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சட்டப்படி இதன் பெயர் செய்ஷு. பெட்டியில் இரண்டு கான்ஜி (சீன வடிவ) எழுத்துகளாக இருக்கும். அந்த இரண்டுக்கு முன்னால் இன்னும் இரண்டு எழுத்து சேர்ந்து நான்காக இருந்தால் அது கோசெய் செய்ஷு, அதாவது செயற்கைச் சாகே. ஆல்கஹாலில் சர்க்கரை, அமிலம் எல்லாம் சேர்த்துச் சாகே போலக் கலப்பது. அரிசித் தவிட்டிலிருந்து சத்துப் பொருளைப் பிரித்து, பிற்பாடு வைட்டமின் பி1 என்று அறியப்பட்டதை 1910-லேயே எட்டிய சுஸுகி உமெதாரோதான் இதற்கும் வழி கண்டார். அரிசியைச் சாப்பாட்டுக்கு மிச்சம் பிடிக்கலாம் என்பது அப்போதைய எண்ணம். சமையலுக்கு இது பரவாயில்லை. குடித்துப் பார்த்து எடைபோடும் பொருள் இல்லை. இன்னொன்று ர்யோரிஷு, சமையல் சாகே. அதில் உப்பு போட்டிருப்பார்கள். நான் வந்த புதிதில் இதை வாங்கி வந்து ஒரு வாய் குடித்துவிட்டு, சாகே என்றால் உப்புக் கரிக்கும் போல என்று ஒரு மாதம் நம்பியிருந்தேன்.

அடுத்து மூலப்பொருள் வரி. கொமே (அரிசி), கொமே-கோஜி (பூஞ்சை ஏற்றிய அரிசி), அதோடு முடிந்தால் அது அரிசி மட்டுமே கொண்டது. பெரும்பாலும் ஜுன்மாய் என்று போட்டிருப்பார்கள். மூன்றாவதாக ஜோஸோ அருகோரு வந்தால் வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்த்திருக்கிறது. நான்காவது, ஐந்தாவதாக தோருய் (சர்க்கரை வகைகள்), சன்மிர்யோ (புளிப்புக்கான அமிலம்) வந்தால் அவையும் சேர்ந்திருக்கின்றன. என் அனுபவத்தில் தரத்தைப் பிரிக்கும் கோடு ஆல்கஹாலில் இல்லை, இந்த நான்காவது ஐந்தாவது சொல்லில்தான் இருக்கிறது.

ஆல்கஹால் சேர்த்தாலே மட்டம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. எடோ காலத்திலேயே (1603–1868) சாகே கெட்டுப்போகாமலிருக்க ஷோச்சூ என்ற காய்ச்சி வடித்த மதுவைச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. அளவோடு சேர்த்தால் வாய்க்கு லேசாக இருக்கும், கடைசியில் சட்டென்று விலகும். கெட்ட பெயர் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அரிசிப் பஞ்சத்தில். அப்போது ஆல்கஹால், சர்க்கரை, அமிலம் எல்லாம் ஊற்றி ஒரு பங்கை மூன்று பங்காக்கினார்கள். அந்தப் பழக்கம் பஞ்சம் தீர்ந்த பிறகும் பல வருஷம் ஓடியது. 2006-ல் மதுவரிச் சட்டம் மாறியபோது, சேர்ப்பவை அரிசி எடையில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று வந்தது. அந்த மூன்று பங்குச் சாகே இன்று செய்ஷு என்ற பெயரிலேயே விற்க முடியாது. ஆகவே பழைய கதையைக் கேட்டு இன்றைய பெட்டியை ஒதுக்க வேண்டாம்.

ஜுன்மாய் என்ற சொல்லைப் பார்த்தும் மயங்க வேண்டாம். முன்பு ஜுன்மாய்க்கு அரிசியை 70 சதவீதம் மிஞ்சும் அளவுக்காவது தீட்ட வேண்டும் என்று விதி இருந்தது. 2004-ல் அது போய்விட்டது. எவ்வளவு தீட்டினார்கள் என்று எழுதினால் போதும். கீழ்த்தட்டு ஜுன்மாய் ஒன்று, அதே விலையுள்ள ஹோன்ஜோஸோவைவிடக் கனமாகவும் கசப்பாகவும் இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஹோன்ஜோஸோ என்றால் அரிசி 70 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சும்படி தீட்டியது, சேர்த்த ஆல்கஹால் அரிசி எடையில் பத்தில் ஒரு பங்குக்குள். காகிதப் பெட்டியில் இந்தச் சொல் இருந்தால் நான் இரண்டாம் முறை யோசிக்காமல் எடுத்துவிடுவேன்.

ஜோசென், கசென் என்றும் சில பெட்டிகளில் போட்டிருக்கும். முன்பு அரசே சாகேயை விசேஷ வகுப்பு, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரித்து வரி போட்டது. 1992-ல் அந்த முறை முழுவதுமாக ஒழிந்தது. முதல் வகுப்பு இருந்த இடத்தில் ஜோசென், இரண்டாம் வகுப்பு இருந்த இடத்தில் கசென் என்று ஆலைகள் தாங்களே பெயர் வைத்துக்கொண்டன. ஒரே ஆலையின் இரண்டு பெட்டிகளை ஒப்பிட மட்டும் இது உதவும்.

ஆல்கஹால் அளவையும் பாருங்கள். 15 முதல் 16 வரை என்றால் வழக்கமானது. 13, 14 என்று இறங்கினால் தண்ணீர் கூடுதல். சூடாக்கினால் மெலிந்துபோகும் வாய்ப்பு அதிகம். நிஹோன்ஷு-தோ என்ற எண் போட்டிருந்தால், கூட்டல் குறி சர்க்கரை குறைவு, கழித்தல் குறி சர்க்கரை அதிகம். நீரோடு ஒப்பிட்ட அடர்த்திதான் அந்த எண். புளிப்பு கூடினால் அதே சர்க்கரையும் நாக்கில் தெரியாமல் போகும் என்பதால் இதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

கடைசியாகத் தேதி. சாகேக்கு முடிவுத் தேதி போடுவதில்லை; நிரப்பிய மாதத்தைத்தான் போடுவார்கள். அதுவும் 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமில்லை. தேதி இருந்தால் ஆறு மாதத்துக்குள் இருப்பதை எடுங்கள். தேதி இல்லாவிட்டால், சரக்கு வேகமாக நகரும் கடையில் வாங்குங்கள். ஒருமுறை ரயில் நிலையம் பக்கத்து ஒரு கடையில் மேற்கு வெயில் படும் ஜன்னலோரம் வைத்திருந்த கண்ணாடி பாட்டிலை வாங்கிவிட்டேன். வீட்டில் திறந்ததும் மயிர் கருகிய நாற்றம். வெயில் பட்ட சாகேக்கு அந்த வாடை வரும் என்று பெரியவர் சொன்னார். இந்த விஷயத்தில் கண்ணாடியைவிடக் காகிதப் பெட்டி எவ்வளவோ மேல், வெளிச்சமே போகாது.

முதல் தடவை 1.8 லிட்டர் வாங்கத் தேவையில்லை. பல ஆலைகளின் அன்றாடச் சாகே 180 மில்லி கோப்பையிலும் வரும். 180 மில்லிதான் ஒரு கோ. பத்து கோ ஒரு ஷோ. ஒஸேக்கி ஆலை 1964 அக்டோபர் 10 அன்று, டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஒன் கப் என்று இப்படிக் கண்ணாடிக் கோப்பையில் அடைத்த சாகேயை வெளியிட்டது. அதன்பின் எல்லோரும் பின்பற்றினார்கள். மூன்று ஆலைகளின் கோப்பைகளை வாங்கி வந்தால் ஒரு மாலைக்கு அதுவே தாராளம்.

அறைச் சூட்டில் முதல் பார்வை

இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், கொஞ்சம் பசியோடு இருக்கும்போது பாருங்கள். பூண்டு, காபி, பல் விளக்கிய வாய் எதுவும் ஆகாது. வீட்டில் தாளித்து முடித்த கையோடும் வேண்டாம். பெருங்காய வாடை ஒரு மணி நேரம் அறையை விடாது. சாகேயைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து 20 டிகிரி வாக்கில் வரும் வரை வெளியே வையுங்கள். குளிர்ச்சி குறைகளை மூடிவிடும். மலிவு சாகேயைச் சில்லென்று குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வது பாதித் தீர்ப்புதான்.

தொழில்காரர்கள் பயன்படுத்துவது கிகிச்சோகோ என்ற வெள்ளைப் பீங்கான் கோப்பை. அடியில் இரண்டு நீல வளையம் இருக்கும். வெள்ளைப் பகுதியில் சாகேயின் நிறம் தெரியும். நீலமும் வெள்ளையும் சேரும் ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் சாகே தெளிவு. ஓரம் மங்கினால் கலங்கல். அது இல்லையென்றால் உள்ளே வெள்ளையாக இருக்கும் தேநீர்க் கோப்பை போதும். லேசான மஞ்சள் நிறத்தைக் குறையாக எடுக்காதீர்கள், சாகேயின் இயல்பான நிறம் அதுதான். நிறமே இல்லாமல் தண்ணீர் போல இருந்தால் கரித்தூள் போட்டு நிறைய வடிகட்டியிருக்கலாம்; அதோடு சுவையும் கொஞ்சம் போயிருக்கும். பழுப்பு ஏறியிருந்தால் வெப்பத்தில் நாள்பட்டுக் கிடந்தது. கலங்கலாக இருந்து புளித்த வாடையும் வந்தால் ஊற்றிவிடுங்கள்.

இப்போது மூக்கு. இதில் அவசரப்படக் கூடாது. சுவைத்துப் பார்ப்பதற்கு ஜப்பானில் கிகிஸாகே என்று பெயர். கிகு என்றால் காதால் கேட்பது என்றும் பொருள். கோப்பையைக் கொஞ்சம் சுழற்றி, மூக்கை அருகில் கொண்டுபோய், சிறிதாக இரண்டு முறை இழுத்துவிட்டு எடுத்துவிடுங்கள். தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும்.

அன்றாடச் சாகேயில் பழ மணம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். எங்கேயோ பழுத்த வாழைப்பழம் லேசாகத் தட்டினால் அது நல்ல ஈஸ்டின் வேலை. நான் தேடுவது வேறு: வடித்த சோற்றின் ஆவி, அரிசி மாவு, அவித்த கடலை, கொஞ்சம் கஞ்சி. நீராகாரம் குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்த மணத்தைப் பிடிக்கத் தனிப் பயிற்சி வேண்டாம். அரிசி எங்கே இருக்கிறது என்று மூக்குக்கு உடனே தெரிந்துவிடும்.

குறைகளுக்கும் நம் வீட்டுச் சமையலறையிலேயே பெயர் இருக்கிறது. என் மனைவி சாகே குடிப்பதில்லை, ஆனால் அவள் மூக்கு என்னுடையதைவிடக் கூர்மை. ஒருநாள் அடுப்புக்கு மேல் அலமாரியில் இரண்டு மாதம் வைத்திருந்த பெட்டியிலிருந்து ஊற்றியதை முகர்ந்துவிட்டு, “மறுநாள் முள்ளங்கி சாம்பார்” என்றாள். அச்சு அசல் அதுதான். ஜப்பானியர் அதை ஹினேகா, மூத்த வாடை என்பார்கள். மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயான தகுவானோடு ஒப்பிடுவார்கள். நெடுநேரம் வெந்த முட்டைகோஸும் அதே குடும்பம். கந்தகம் கலந்த ஒரு சேர்மம்தான் காரணம். வெப்பத்தில் அது வேகமாக உண்டாகும். அன்றைக்குத் தப்பு ஆலையுடையது இல்லை, நான் பெட்டியை வைத்த இடத்துடையது. வெண்ணெயும் புளித்த தயிரும் சேர்ந்தாற்போல அடித்தால் அது நொதித்தலில் நேர்ந்த குறை. தியசெட்டில் என்று ஒன்று. ஈரச் சாக்கு வாடை வந்தால் பூஞ்சை சம்பந்தப்பட்டது. மூக்கைச் சுருக்கென்று குத்தி மருத்துவமனை ஞாபகம் வந்தால், சேர்த்த ஆல்கஹால் இன்னும் சாகேயோடு கலந்து அடங்கவில்லை. இது ஒன்று மட்டும் சூடாக்கினால் சில நேரம் சரியாகிவிடும், சில நேரம் இன்னும் மோசமாகும். அதனால் நோட்டில் குறித்துக்கொண்டு மேலே போங்கள்.

பிறகு ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுங்கள். நாக்கு முழுக்கப் பரப்பி, உதட்டை லேசாகத் திறந்து காற்றைச் சர்ரென்று உள்ளே இழுங்கள். இங்கே அந்தச் சத்தத்தை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மூக்கு வழியாக மூச்சை விடும்போது இன்னொரு மணம் வரும். மேலே முகர்ந்தபோது நல்ல பிள்ளையாக இருந்த சாகே இந்த இடத்தில்தான் பிடிபடும். துப்பிவிட்டு, பத்து வரை எண்ணுங்கள்.

அந்தப் பத்து எண்ணிக்கையில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அரிசியிலிருந்து வந்த இனிப்பு, உமாமி என்ற நாக்கை நிறைக்கும் சுவையோடு கை கோத்து வந்து, அதோடு சேர்ந்தே விலகும். வெளியிலிருந்து சேர்த்த சர்க்கரை முதலில் வந்து உட்காரும், எல்லாம் போன பிறகும் நாக்கில் பாகு போல ஒட்டிக்கொண்டிருக்கும். பின்பகுதி சுத்தமாக முடிவதைக் கிரே என்பார்கள். வெட்டு என்று பொருள். எட்டு எண்ணும்போது வாய் காலியாகி, எச்சில் ஊறி, ஏதாவது சாப்பிடத் தோன்றினால் என் நோட்டில் அதற்கு ஒரு வட்டம். பதினைந்து எண்ணியும் இனிப்போ கசப்போ போகவில்லையென்றால் ஒரு கோடு. கராகுச்சி என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். சொல்லுக்குச் சொல் அது காரவாய். இனிப்பு குறைந்தது என்று பொருள். இனிப்பைக் குறைத்துவிட்டு வேறு எதையும் வைக்காமல் வெறும் எரிச்சலை மட்டும் மிச்சம் வைத்த கராகுச்சிகளும் இருக்கின்றன.

உண்மையான சோதனை சூட்டில்தான்

அன்றாடச் சாகேயைச் சூடாக்காமல் தீர்ப்பு சொல்லவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சாகேயில் உள்ள அமிலங்களில் முக்கியமானவை லாக்டிக், சக்ஸினிக், மாலிக். லாக்டிக் தயிரில் இருப்பது. சக்ஸினிக் மட்டிச் சாறில் இருப்பது. இந்த இரண்டும் சூட்டில்தான் வாய்க்கு இதமாகத் திறக்கும். மாலிக் ஆப்பிளில் இருப்பது, அதற்குக் குளிர்ச்சிதான் பொருத்தம். கின்ஜோவைச் சில்லென்று குடிப்பதும் இதைச் சூடாக்கிக் குடிப்பதும் வெறும் பழக்கம் மட்டும் இல்லை.

சூடுகளுக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர்கள் அழகானவை. 30 டிகிரி ஹினதாகன், வெயில் பட்ட இடத்தின் சூடு. 35 ஹிதோஹதாகன், மனிதத் தோலின் சூடு. 40 நுருகன், 45 ஜோகன், 50 அத்சுகன், 55-க்குப் பக்கம் தொபிகிரிகன். நான் 40, 45, 50 மூன்றிலும் பார்ப்பேன்.

தொக்குரி என்ற கழுத்து ஒடுங்கிய பீங்கான் குடுவையில் ஒரு கோ ஊற்றி, வாயை மெல்லிய நெகிழித் தாளால் மூடுங்கள். மூடாவிட்டால் மணம் சமையலறைக்குப் போய்விடும். பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, குடுவையைக் கழுத்து வரை முங்கும்படி இறக்குங்கள். இரண்டரை நிமிடம் வாக்கில் 40-ஐ ஒட்டி வரும். சமையல் வெப்பமானி இருந்தால் நல்லது. பெரியவர் அதெல்லாம் வைத்துக்கொள்வதில்லை. குடுவையைத் தூக்கி அடியை நடுவிரலால் தொட்டுப் பார்ப்பார். அடி சுடுகிறது என்று விரல் சொல்லத் தொடங்கும் இடம் நுருகன் தாண்டியது. தொக்குரி இல்லையென்றால் கோப்பைச் சாகேயின் மூடியைக் கழற்றி அப்படியே வெந்நீரில் வைக்கலாம். நேரடியாக அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதித்துப் பறக்கும், அதோடு எல்லாம் போய்விடும். மைக்ரோவேவில் வைத்தால் மேலே கொதிப்பும் கீழே குளிருமாக இருக்கும்; அவசரத்துக்கு நாற்பது விநாடி வைத்துக் கரண்டியால் கலக்கிக்கொள்ளலாம்.

40-ல் அரிசி முன்னால் வர வேண்டும். அறைச் சூட்டில் தட்டையாக இருந்த ஒரு சாகே இங்கே திடீரென்று வட்டமாகி, இறைச்சிச் சாறு போல நிறைந்தால், நீங்கள் நல்ல பெட்டியைப் பிடித்துவிட்டீர்கள். 45-ல் பின்பகுதி இன்னும் கூர்மையாக வேண்டும். 50-ல் சேர்த்த ஆல்கஹால் மூக்கில் ஏறுகிறதா, சர்க்கரை பாகாகிறதா என்று தெரியும். மோசமான சாகே இந்த இடத்தில் உடைந்துவிடும். இனிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம், நடுவில் ஒன்றுமே இருக்காது. 50-லும் கலையாத மலிவு சாகேக்கு நான் மரியாதை கொடுப்பேன்.

அப்புறம் ஒரு கோப்பையைத் தொடாமல் ஓரமாக வையுங்கள். அது ஆறி அறைச் சூட்டுக்கு வரட்டும். சூடாக்கி ஆறிய சாகேக்குக் கன்ஸமஷி என்று பெயர். ஆறிய பிறகும் ருசிக்கிறதா என்று பார்ப்பதுதான் பெரியவரின் கடைசிக் கேள்வி. பாதிக்கு மேல் இதில் தோற்றுவிடும்.

இந்த வகைச் சாகேயைச் சீரியஸாக எடுத்துக்கொள்வது நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை. ஜப்பானில் சூடான சாகேக்கென்றே நாடு தழுவிய போட்டி ஒன்று நடக்கிறது. அதில் மலிவு விலைச் சாகேக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. பரிசு முத்திரை ஒட்டிய பெட்டியைப் பார்த்தால், கையில் எடுத்து மூலப்பொருள் வரியைப் படிக்கிற அளவுக்காவது நம்பலாம்.

சாப்பாட்டோடு

சாகேயைத் தனியே மட்டும் பார்த்து முடித்துவிடாதீர்கள். ஒரு வாய் உணவு, ஒரு வாய் சாகே, மறுபடி உணவு. இரண்டாம் முறை அதே உணவு முன்பைவிட நன்றாக இருக்கிறதா? இந்த ஒரு கேள்விதான். வேகவைத்த தோஃபுவில் சோயா சாஸ் இரண்டு சொட்டு. சாகேயில் ஏதாவது கரடு இருந்தால் தோஃபு ஒளிக்காமல் காட்டிவிடும். மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுதில் வேகவைத்த கானாங்கெளுத்தி. மீன் வாடையைச் சாகே துடைத்துவிட வேண்டும். மூன்றாவது, குளிர் இரவில் ஓதேன், காய்களையும் மற்றதையும் குழம்பில் மெல்ல வேகவைத்தது. இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் அதைக் கந்தோதகி என்றுதான் சொல்வார்கள். குழம்பில் ஊறிய முள்ளங்கித் துண்டைக் கடித்துவிட்டு, 45 டிகிரிச் சாகேயை ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

கோபே பக்கம் வசந்த காலத்தில் இகனாகோ என்ற பொடி மீனை சோயா, சர்க்கரை, இஞ்சி போட்டுச் சுண்டவைப்பார்கள். வளைந்த ஆணி போல இருப்பதால் குகினி, ஆணிச் சுண்டல் என்று பெயர். நெத்திலிக் கருவாட்டைத் தொட்டுக்கொண்டு பழைய சோறு சாப்பிட்ட நாக்குக்கு இது உடனே பிடித்துப்போகும். சில வருஷங்களாக மீன் வரத்து மிகவும் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா முன்பெல்லாம் டப்பா டப்பாவாகக் கொடுப்பார், இப்போது ஒரு சின்னக் கிண்ணம்தான். அந்தக் கிண்ணத்துக்குத் தொட்டுக்கொள்ள நான் விலை உயர்ந்த சாகேயைத் திறப்பதில்லை. பழ மணம் இஞ்சியோடு சண்டை போடும். கொஞ்சம் கனமான, புளிப்புள்ள, கிமோதோ என்ற பழைய முறையில் (லாக்டிக் அமிலம் தானே உண்டாகும்படி விட்டு) வடித்த ஹோன்ஜோஸோ ஒன்றைச் சூடாக்கினால் போதும். கிகுமசமுனே ஆலையின் கிமோதோ கராகுச்சியை என் அளவுகோல் கோப்பையாக வைத்திருக்கிறேன். புதிதாக எந்தப் பெட்டி வாங்கினாலும் அதன் பக்கத்தில் இதை ஒரு கோப்பை ஊற்றி வைத்துத்தான் பார்ப்பேன். உங்களுக்கும் அப்படி ஒரு நிலையான கோப்பை வேண்டும், எதுவாக இருந்தாலும் சரி.

பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம். சாகே குடித்த அளவுக்குத் தண்ணீரும் குடியுங்கள். நாக்கும் தெளியும், மறுநாள் தலையும் தெளியும். துப்பித் துப்பிப் பார்த்தாலும் கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். 2024 நவம்பர் முதல் இங்கே குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டினாலும் கடுமையான தண்டனை. நான் ஆலைப் பக்கம் சுவைத்துப் பார்க்கப் போகும் நாளில் நடந்தேதான் போகிறேன்.

பெயரை மறைத்து ஒரு சுற்று, பத்து நாள் கழித்து ஒரு சுற்று

விலையும் பெயரும் தெரிந்தால் நாக்கு சாய்ந்துவிடும். மூன்று ஒரே மாதிரிக் கோப்பைகளின் அடியில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி வைத்து வேறு யாரையாவது ஊற்றித் தரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மனைவி ஊற்றுவாள். முதலில் அவள் முகர்ந்து ஒரு சொல் சொல்லுவாள், அதைத் தனியாக எழுதி வைத்துவிட்டுத்தான் நான் தொடங்குவேன். நோட்டில் பெரிய வர்ணனை எதுவும் எழுதுவதில்லை. முகர்ந்தது ஒரு சொல், எத்தனை எண்ணும் வரை நின்றது, 40-ல் எப்படி, 50-ல் எப்படி, ஆறிய பிறகு எப்படி, எந்த உணவோடு. ஒரு சாகேக்கு ஆறு வரிதான். போன குளிர்காலத்தில் இப்படிப் பார்த்ததில் மூன்றில் மிக மலிவானதுதான் எனக்கு முதலில் வந்தது. அதில் ஆல்கஹால் சேர்த்திருந்தது, சர்க்கரை இல்லை. நடுவிலை ஜுன்மாய் கடைசி. ஒரு வாரம் கழித்து இடம் மாற்றி மறுபடி பார்த்தேன். முதலும் கடைசியும் மாறவில்லை.

அதன்பிறகு பெட்டியை மூடிக் குளிர்பெட்டிக் கதவில் வையுங்கள். 1.8 லிட்டரை ஒரு வாரத்தில் யாரும் முடிக்கப்போவதில்லை, முடிக்கவும் கூடாது. அதனால் பத்தாம் நாள் எப்படி இருக்கிறது என்பதும் தீர்ப்பில் சேர வேண்டும். கின்ஜோ மூன்று நான்கு நாளிலேயே களைத்துவிடும். நல்ல அன்றாடச் சாகே பத்தாம் நாள் கொஞ்சம் மென்மையாகிக்கூட இருக்கும். பத்தாம் நாள் சூடாக்கிப் பார்த்து, முதல் நாள் எழுதிய ஆறு வரிக்குக் கீழே ஏழாவது வரியை எழுதுங்கள்.

தேறாத பெட்டியை வீணாக்க வேண்டாம். அஸரி மட்டியைக் கழுவி வாணலியில் போட்டு, அரைக் கோப்பை சாகே ஊற்றி மூடி வையுங்கள். ஓடுகள் திறந்ததும் நறுக்கிய வெங்காயத்தாள் தூவி இறக்கினால் சரி. இனிப்பு ஒட்டிக்கொள்ளும் சாகேயை மீன் சுண்டவைக்கும்போது ஊற்றுங்கள். அன்றைக்குச் சர்க்கரையை ஒரு கரண்டி குறைத்துப் போட்டால் போதும்.